எடைத் தாள்

எல் ஆல்ட்டோ. கடலுக்கு மேலே நாலாயிரம் மீட்டர்.
இங்கே மூச்சு வாங்குவது மனிதர்கள் மட்டுமல்ல.

எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள்:
இறக்கை ஏன் ஆடுகிறது?
ஆடாவிட்டால் ஒடியும்.
எஞ்சின் நின்றால்?
கல்லாய் விழாது, சறுக்கிக்கொண்டே இறங்கும்.
ஜன்னலில் எதற்கு அந்தக் குட்டித் துளை?
பார்த்துக்கொண்டே வாருங்கள், கண்ணாடியில் ஈரம் படியாது.
சரி, எதுதான் தூக்குகிறது?
அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்;
வரிசையோ நீளம்.

நேற்றுப் பிற்பகல்
பேண்டுக்காரர் சதுர்னினோ சோக்கே கேட்டது வேறு:
"என் டியூபாவை ஏன் இறக்கினாய்?"

வெயில் ஏறிவிட்டது, ஐயா.
மெலிந்த காற்று இன்னும் மெலிந்துவிட்டது.
காற்றைக் கீழே தள்ளித்தான்
இறக்கை மேலே போகிறது.
தள்ளுவதற்குக் காற்று போதவில்லை.
இருநூறு கிலோ குறைத்தாக வேண்டும்.

"ஊதுவதற்கென்றே செய்த பித்தளை.
அதைக் காற்றில்லை என்றா விட்டுப் போவது?"
அவரும் இறங்கிக்கொண்டார்.

அவர் எடைக்கு
வேறு யாருடையதோ நான்கு பெட்டிகளை ஏற்றினேன்.
தாளில் அடித்துத் திருத்திக் கையெழுத்திட்டேன்.

விமானம் ஓடியது, ஓடியது,
ஓடுபாதை தீரும் இடத்தில்
மனமில்லாமல் தரையை விட்டது.

வேலியோரம்
டியூபா ஒரே ஒரு தடவை
உறுமியது.