இரண்டு நாள் கூலி

ஒஹாயோ ஆற்றங்கரையில்
கார் கழுவும் இடத்துக்கும் டோனட் கடைக்கும் நடுவே
என் அச்சகம்.
போர் தொடங்கிய வருஷம் மஞ்சள் ரிப்பன்தான் அடித்தேன்,
காரின் பின்னால் ஒட்டுகிற காந்தத் தகட்டில்:
'நம் வீரர்களுக்குத் துணை நிற்போம்.'
ஒன்று மூன்று டாலர், இரண்டாக வாங்கினால் ஐந்து.
ஏப்ரலில் மட்டும் தொள்ளாயிரம் போயிற்று.
ஊரில் கார்களே அவ்வளவு இல்லை.
சிலர் ஃபிரிட்ஜிலும் ஒட்டியிருக்க வேண்டும்.

வெட்டிய தகட்டிலிருந்து ரிப்பனைப் பிரித்து
ஓரப் பிசிறு நீக்குவது மார்லிஸ் ஹப்பர்ட்.
பத்தொன்பது வயது. சைக்கிளில் வருவாள்.
சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள்,
முன்பல் ஒன்று பாதி கறுத்திருந்தது.
அவளுக்கும் ஒரு ரிப்பன் இலவசமாகக் கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"என் சைக்கிள் அலுமினியம், ஒட்டாது" என்றாள்.

ஆள் சேர்ப்பு அலுவலகத்து சார்ஜென்ட் ஓஸ்பி
விசிட்டிங் கார்டு அடிக்க வந்தார்.
அவர் மேசைமேல் எப்போதும்
யாராவது கொண்டுவந்த பிஸ்கட் டப்பா இருக்குமாம்.
வாசலைத் தாண்டும் வண்டிகள் ஹாரன் அடித்து வாழ்த்துமாம்.
கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறவர்
கழிப்பறை எங்கே என்று கேட்பாராம்.
"உங்களுக்கு வயதென்ன?"
முப்பத்திரண்டு.
"இன்னும் நேரம் இருக்கிறதே."
முழங்கால், என்றேன்.
எந்த முழங்கால் என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் நான் யோசிக்க வேண்டியிருந்திருக்கும்.

கார்டுகளைப் பெட்டியில் அடுக்கியது மார்லிஸ்.
அடுக்கிக்கொண்டே
"பல் வைத்தியமும் சேர்த்தா?" என்றாள்.
சேர்த்துத்தான், என்றார் அவர்.

ஒரு புதன்கிழமை வேலைக்கு வரவில்லை.
அந்த வாரத்துத் திங்களும் செவ்வாயும்
நான் கூலி தரவேண்டியிருந்தது.

காலைச் சாப்பாட்டுக் கடையில்
முட்டையைக் கிண்டியபடி சொன்னேன்:
"நாம் விடக்கூடாது. நாம் உள்ளே புகுந்துவிட்டோம்.
எங்கள் கடைப் பெண்ணே அங்கே நிற்கிறாள்."
ஆமாம், நாம், நாம் என்றார்கள் எல்லோரும்.
யாரோ என் காப்பிக்குக் காசு கொடுத்தார்.
வாய்ப்பந்தலின் கீழே நல்ல நிழல்.

அவளிடமிருந்து ஒரே ஒரு அட்டை வந்தது.
"நாங்கள் தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கிறோம்.
வேறொன்றும் இல்லை.
வெட்டும் மெஷினில் இடப்பக்கத் திருகு தளர்ந்திருக்கும், பாருங்கள்."
பார்த்தேன்.
தளர்ந்துதான் இருந்தது.

பதினாறு மாதம் கழித்து வந்தாள்.
கடை நீளத்துக்கு வரவேற்புத் துணி கட்டியிருந்தேன்,
அவள் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
ஒத்திகை பார்த்து வைத்ததைச் சொன்னேன்:
உன் தியாகத்துக்கு இந்த ஊரே கடமைப்பட்டு...
வலது காதை என் பக்கம் திருப்பினாள்.
மறுபடி, உரக்கச் சொன்னேன்.
இரண்டாம் தடவை அது சின்னதாக இருந்தது.

"அந்தத் திங்கள், செவ்வாய்," என்றாள்.
"பதினாறு மணி நேரம். நூற்று நான்கு டாலர்."
சிரித்தாள். வாயை மூடவில்லை.
பல்வரிசை சரியாக இருந்தது.

கல்லாவைத் திறந்து நூற்றுப் பத்து கொடுத்தேன்.
எண்ணினாள். ஆறு டாலரைத் திருப்பி வைத்தாள்.
போகும்போது அந்தத் திருகை
விரலால் ஒரு சுற்று முடுக்கிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் என் வண்டியிலிருந்து ரிப்பனை உரித்தேன்.
சுற்றிலும் சிவப்பு வெளிறிப்போயிருந்தது.
காந்தம் இருந்த இடம் மட்டும் வாங்கிய நாள் போல,
ரிப்பனின் அதே வடிவத்தில்.
விரலால் தேய்த்தேன், எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
அழுக்கில்லை, பசையில்லை.
அங்கே வெயில் பட்டதே இல்லை,
அவ்வளவுதான்.