காத்தாடிக்குத் தொண்ணூற்றெட்டு

ஒன்பதே காலுக்கு
ஆறு சதுரங்கள் திறக்கும் என் திரையில்.
நான் உடுமலையில், உரக்கடைக்கு மேல்மாடியில்.
ஆடிக் காற்று ஜன்னலை அறைவதால்
கொக்கியைச் சணல் போட்டுக் கட்டியிருக்கிறேன்.

அந்தியூரில் ஷர்மிளா பானு.
வெள்ளகோவிலுக்குத் தெற்கே தோட்டத்துச் சாளையில்
தாத்தா பெயரை இருபத்தாறு வயதில் சுமக்கும் சென்னியப்பன்.
சோமனூரில் நந்தபிரகாஷ்:
முகம் தெரியும், ஒலி அடைத்திருக்கும்,
சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு தறி.
மற்ற மூவர் என்ன உயரம் என்றுகூட எனக்குத் தெரியாது.

எங்கோ ஒருவர் வாங்கிய மெத்தைக்குப்
பணம் திரும்பி வரவில்லையென்றால்
இந்தச் சதுரங்களில் ஒன்று பதில் சொல்லும்.

தை மாதம் கோயமுத்தூர் ஆபீசில்
ஒரு கருவியை இறக்கச் சொன்னார்கள்.
மவுஸ் எத்தனை முறை நகர்ந்தது,
எத்தனை நிமிடம் சும்மா கிடந்தது,
மாலையானால் எனக்கு மார்க் வந்துவிடும்.
பொய் சொல்வானேன், ஆசையாகத்தான் பார்த்தேன்.
பச்சைப் புள்ளி மஞ்சளானால்
அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி ஓடினேன்:
“இருக்கீங்களா?”
இருக்கறனுங்க்கா, இருக்கறனுங்க்கா என்று
நாள் முழுக்க இருந்தார்கள்.
வேலைதான் நடக்கவில்லை.

மூன்று வாரமும் முதலிடம் சென்னியப்பன்.
தொண்ணூற்றெட்டு.
பாராட்டலாம் என்று வீடியோவில் கூப்பிட்டேன்.
அவன் அம்மா எடுத்து
செல்லைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்ததில்
மேஜைக் காத்தாடி தெரிந்தது.
அதன் கழுத்தில் நூல் கட்டி, நூலின் முனையில் மவுஸ்,
இடமும் வலமுமாய்
யாரிடமோ இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.
“பையன் தண்ணி கட்டறானுங்.
மூணு பேஸ் கரண்டு இப்பத்தானுங் வருது.”

ராத்திரி அவனே கூப்பிட்டான்.
“என்ற வேலையெல்லாம் ஒருக்காப் பார்த்துப்போட்டு
அப்பறம் திட்டுங்க்கா.”
பார்த்தேன். ஒன்றுகூடப் பாக்கியில்லை.
எல்லாம் இரவு பத்துக்கு மேல்,
அவசரமில்லாத வாக்கியங்களில்.
நாற்பத்தொன்று வாங்கிய ஷர்மிளா பானுவோ
எல்லோரும் தள்ளிவிட்ட ஒரு கணக்குச் சிக்கலை
மகளின் கோடு போட்ட நோட்டில், பேனாவால்,
மவுஸைத் தொடாமலே அவிழ்த்திருந்தாள்.

வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்த ஊர்க்காரி நான்.
மடை திறந்ததும்
தண்ணீரோடு கூடவே யாரும் ஓடுவதில்லை.
விடியக் கருக்கலில் ஒரு எட்டுப் போய்
கடைமடை நனைந்ததா என்று
காலால் அழுத்திப் பார்ப்பார்கள்.

ஆபீசுக்கு எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.
மார்க்கைப் பார்ப்பதை நிறுத்தினேன்,
அவ்வளவுதான் என் வீரம்.
ஆளாளுக்கு எந்த நேரம் தோதென்று கேட்டுக் குறித்தேன்:
கரண்டு போன பிறகு ஒருவன்,
மகள் உறங்கிய பிறகு ஒருத்தி.
இதற்கிடையில் காலாண்டின் சிறந்த ஊழியர் சான்றிதழ்
சென்னியப்பன் பெயருக்கு வந்து சேர்ந்தது.
அவன் அதைக் காத்தாடியின் அடியில் ஒட்டிவிட்டான்.

நந்தபிரகாஷிடம் மட்டும் கேட்க மறந்திருந்தேன்.
பேசாதவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று
இரண்டு வருடமாக ஒரு நினைப்பு.

பங்குனியில் கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நின்றன.
ஒன்பதே காலுக்கு அவன் ஒலியைத் திறந்தான்.
பின்னால் பல்லி கத்துவதுகூடக் கேட்டது.
“ஒண்ணு சொல்லட்டுங்களாக்கா?”
நாற்பது நிமிடம் சொன்னான்.
எந்தப் படிவம் வீண்,
எந்தக் கேள்வியை வாடிக்கையாளர் மூன்று தடவை கேட்கிறார்,
நாங்கள் ஏன் மூன்று தடவையும் தப்பாகச் சொல்கிறோம்.
மற்ற ஐவரும் அசையாமல் கேட்டார்கள்.
மஞ்சள், மஞ்சள்,
வரிசையாக எல்லாப் புள்ளியும் மஞ்சள்.

தறி மறுபடி ஓடுகிறது.
இப்போது அவன் எழுதி அனுப்புகிறான்,
நான் உரக்கப் படிக்கிறேன்.
சணல் அறுந்த நாளில்
காற்று பாதியைக் கொண்டுபோய்விடுகிறது.
“கேக்கலீங்க்கா,” என்கிறது அந்தியூர்,
“இன்னொருக்காப் படிங்க.”