சேர்விலக்கம் 6114

எழுபத்தையாயிரம் ரூபாய்.
எண்ணிலும் எழுத்திலும் போட்டிருந்தார்கள்,
இரண்டு முறை தந்தது போல.

விண்ணப்பப் படிவத்தில்
‘புத்தாக்கச் செயற்றிட்டம்’ என்ற சொல்லுக்குக் கீழே
ஏழு கோடு விட்டிருந்தது.
இரண்டைத்தான் நிரப்பினேன்:
புத்தகம் இரவல் கொடுக்கிற மாதிரி
சாமானும் இரவல் கொடுக்கலாம்.
மிச்ச ஐந்து கோட்டில்
என்ன எழுதுவதென்று தெரியாமல்
ஒரு ஏணி கீறினேன்.
அதைப் பார்த்துத்தான் தந்தார்களோ என்னவோ.

ஸ்ரான்லி வீதியில் வாங்கி
பஸ்ஸின் மேல் கட்டிக் கொண்டுவந்தோம்.
பண்ணைப் பாலம் தாண்டும்போது
அலுமினியக் குழாய்களுக்குள் கடற்காற்றுப் புகுந்து
ஊர்காவற்துறை வரைக்கும் விசிலடித்தது.
நடத்துநர் ஏணிக்கும் ஒரு ரிக்கற் கிழித்தார்.

ஒரு ஏணி,
ஒரு துளைக்கிற மிசின்,
பிறசர் பார்க்கிற கருவி,
சைக்கிள் பம்ப்,
முப்பது மீற்றர் அளவு நாடா.
மிஞ்சின காசில் ஒரு சின்னப் பேணி சிவப்புப் பெயின்ற்,
சேர்விலக்கம் எழுத.

பிறசர் கருவிக்கு 616. பிரச்சினையில்லை.
ஏணிக்குத் தசம வகுப்பில் இடமேது?
கட்டடக்கலையில் வைத்தேன், விவசாயத்தில் வைத்தேன்,
ஒரு கிழமை சமயத்திலும் வைத்தேன்.
எங்கே வைத்தாலும்
சாய்ந்துகொண்டுதான் நின்றது.

முதலில் வந்தவர் கலிஸ்ரஸ்.
ஐம்பத்தெட்டு வயது,
இந்த வாசலை மழைக்கு ஒதுங்க மட்டும் தெரியும்.
அங்கத்தவராக ஒரு பிணையாள் வேண்டுமென்றேன்.
கோயில் சங்கிலித்தாமைக் கையோடு கூட்டிவந்தார்.
கூரை ஓடு மாற்றி மூன்றாம் நாள் ஏணி திரும்பியது.
ஓட்டுத் தூள் துடைத்திருந்தது.
அவர் மட்டும் போகவில்லை.
மின்விசிறிக்குக் கீழே இருந்து
முந்தின நாள் பேப்பரில்
விளையாட்டுப் பக்கத்தை
கடைசி வரிவரை வாசித்தார்.

பவளராணியக்கா
கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில்
158/96 என்று எழுதினா.
அடுத்த வெள்ளி 140/88.
நான் திருத்தவில்லை.
எங்கள் பதிவேட்டில்
அதைவிட உண்மையான கையெழுத்து இல்லை.

பேந்து பெட்டிசம் போனது சபைக்கு,
பெயர் இல்லாமல்:
‘இது நூலகமா, இரும்புக்கடையா?’
எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்து.
துளைக்கிற மிசினை
ஒன்பது நாள் பிந்திக் கொண்டுவந்தவர்.
தண்டம் நாளுக்கு ஒரு ரூபாய்.
பத்து ரூபாய் நீட்டினார்,
மிச்சம் ஒரு ரூபாய் என்னிடம் இருக்கவில்லை.
அந்தக் கோபமாகவும் இருக்கலாம்.

இப்போது அறிக்கை கேட்கிறார்கள்.
பயனாளிகள்: ஆண், பெண், சிறுவர்,
தனித்தனியே எண்ணிக்கை.
யாரை எண்ணுவது?
ஏறினவரையா,
கீழே நின்று பிடித்தவரையா?
புத்தகத்தை ஒருவர் மூலையில் இருந்து
தன்பாட்டில் வாசித்து முடிக்கலாம்.
ஏணி எடுக்கத் தனியே வந்தவர்
இந்தப் பதினொரு மாதத்தில் ஒருவரும் இல்லை.
மதிலால் பேசாத இரண்டு வீட்டுக்காரர்
வைரவர் மடைக்கு லைற் கட்டவென்று
ஆளுக்கொரு முனை பிடித்துக்கொண்டு போனதை
எந்தக் கட்டத்துக்குள் எழுத?
பதிவேட்டில் நானாக ஒரு நிரல் கீறினேன்:
‘பிடிக்கிறவர்’.
கணக்காய்வாளர் வந்தால் கேட்பார். கேட்கட்டும்.

நேற்று நாரந்தனையிலிருந்து ஒரு பிள்ளை,
டிலக்சனா,
கடல் நீரோட்டங்களைப் பற்றிய தடித்த புத்தகம் கேட்டாள்.
இருக்கிறது. மேல்தட்டில்.
எனக்கு எட்டாது, அவளுக்கும் எட்டாது.
நூலகத்தின் ஒரே ஏணி
வியாழன் வரை கரம்பொனில்.
இரண்டு பேரும்
அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவள் முன்பதிவுக் கொப்பியை இழுத்துத்
தன் பெயரை எழுதினாள்.
புத்தகத்துக்கு இல்லை, ஏணிக்கு.
பக்கத்து நிரலில் பேனை நின்றது.
‘மிஸ், உங்கட முழுப்பெயர் என்ன?’