சவ்வு

பனகல் சாலை. மருந்துக்கடைகளுக்கு மேலே
இரண்டாம் மாடியில் என் வேலை.
சாயங்காலம் ஒரு பாட்டில் வந்தது.
ஒச்சம்மாள், நாற்பத்தாறு, உசிலம்பட்டி.
நெஞ்சில் கட்டிய நீர், இருபது மில்லி,
வைக்கோல் ஊறிய நிறம்.

சுழலும் எந்திரத்தில் வைத்தேன்.
கனமானதெல்லாம் அடியில் போய் உட்கார
பத்து நிமிஷம்.
அதற்குள் டீ ஆறிவிடும்.

பிளஸ் டூவில் செல் படம் வரைந்திருக்கிறேன்.
கோல்கை உறுப்பு, நசுங்கிய இட்லித்தட்டு அடுக்கு.
மைட்டோகாண்ட்ரியா, உள்ளே குடல் மடித்த
வெள்ளரிப்பிஞ்சு.
ரைபோசோமுக்குப் பேனா முனையால் புள்ளி, புள்ளி,
தாள் ஓட்டையாகும்வரை.
ஐந்துக்கு நாலரை.
அந்த அரை மார்க் எங்கே போனதென்று
டீச்சர் சொல்லவே இல்லை.

பதினோரு வருஷமாய் லென்ஸில் கண் வைக்கிறேன்.
ஒருநாளும் கோல்கையைக் கண்டதில்லை.
இந்த விளக்குக்கும் என் சாயத்துக்கும் அது அகப்படாது.
தெரிவதெல்லாம் நீலமாய் ஒரு கரு,
சுற்றிலும் வெளிறிய கலங்கல்.
அந்தக் கலங்கலுக்குள்தான்
தின்ற சோறு எரிகிறது,
புரதம் மடிந்து முகவரி ஒட்டிக்கொள்கிறது,
பழசைச் செரிக்கும் பைகள்
வாய்கட்டிக் கிடக்கின்றன
என்று நம்புகிறேன்.
கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும் பஸ்ஸுக்குள்
யாரோ பசியோடிருப்பார்கள் என்று
நம்புவதுபோல.

சிவப்பணுக்கள் ஓரமாய்ச் சிதறிக் கிடந்தன.
கருவைத் துப்பிவிட்டு
அந்த இடத்திலும் சுமை ஏற்றிக்கொண்டவை.
எந்தச் சேதியும் தெரியாதவை.

ஒச்சம்மாளின் மற்ற செல்கள்
கொத்தாக வந்தன.
பற்றிக்கொள்ள ஒன்றுமில்லாத நீரில்
ஒன்றையொன்று பற்றிக்கொண்டு.
கரு பெருத்து, விளிம்புவரை முட்டி,
வேறெதற்கும் இடம் விடாமல்.
ஒன்றில் குரோமோசோம்கள் நடுக்கோட்டில் கூடி நின்றன,
இரு பக்கமும் பிரிந்துபோகத் தயாராய்.
அழகாக இருந்தது.
சொல்லக் கூடாது. ஆனால் இருந்தது.

கையெழுத்து டாக்டருடையது, நாளைக் காலை.
சாயம் ஏற்றுவதும் புள்ளி வைத்துக் குறிப்பதும்
வாயை மூடிக்கொள்வதும் எனக்கு.

கவுண்டரில் அவள் மகன் தவசி.
ரசீதை எட்டாய் மடித்திருந்தான்.
"அரப்பாளையத்துல எட்டே முக்காலுக்கு பஸ்சுக்கா.
ஒண்ணுமில்லேல்ல?"
"ரிப்போர்ட் நாளைக்குத்தான் தம்பி."
பொய்யில்லை.
"சரிக்கா" என்று மறுபடியும் மடிக்கப் பார்த்தான்.
அதற்கு மேல் காகிதம் மடியவில்லை.

கீழே பரோட்டாக்கடையில்
மைதீன் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான்.
நான் முதன்முதலாய்ப் பார்த்த செல் அதன் தோல்தான்.
செங்கல் வரிசை மாதிரி சுவர்கள்,
அறைக்கு ஒரு கரு, அதுவும் மூலையில்.
முக்கால் இடம் நீர்ப்பைக்கு.
பைக்குள்ளே ஒரு நொதி.
வெளியே, சைட்டோபிளாசத்தில், கந்தகம் ஏறிய ஏதோ ஒன்று.
நடுவே சவ்வு,
இரண்டு மூலக்கூறு கனம்.
அது இருக்கிறவரை
வெங்காயம் யாரையும் அழவைத்ததில்லை.
மண்ணுக்குள்ளும், சாக்குக்குள்ளும்,
லாரியில் குலுங்கி வந்த ராத்திரியிலும்
இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் பேசாமல் இருந்தன.
கத்தி இறங்கினால் பை கிழியும்.
இது அதைத் தொடும்.

"தள்ளி நில்லுங்கக்கா, கண்ணு எரியும்."

நான் தள்ளி நிற்கவில்லை.
ஒரு பரோட்டா போதுமா என்று கேட்டான்.
இரண்டு என்றேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் தவசி
ஷேர் ஆட்டோவுக்குக் கைகாட்டினான்.
ஏறுமுன் நிமிர்ந்து மாடியைப் பார்த்தான்.
விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
அணைக்க மறந்திருக்கிறேன்.