மாட்டல்

கால் அலைநீளம்
முப்பத்தொரு மில்லிமீட்டர்.
எனக்குக் கொடுத்த இடம் பதினொன்று.
அதிலும் மூலையில் ஒரு திருகாணி
விருந்துக்கு முதலில் வந்த மாப்பிள்ளை போல
காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது.

பேட்டரியை நகர்த்த முடியாது என்றார்கள்.
மைக்கை நகர்த்த முடியாது என்றாள் சூ யென்.
காதை நகர்த்தச் சொல்லி
இன்னும் யாரும் கேட்கவில்லை.

மடித்தேன்.
செம்புக் கோட்டை இப்படி மடித்து, அப்படி மடித்து,
பாலிக் புலாவ் மலைப்பாதை மாதிரி
வளைவும் வளைவும் முட்டாமல்.
அந்த பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும்,
பாதி வழியில் யாராவது வாந்தி எடுப்பார்கள்.
என் மின்னோட்டமும் அப்படித்தான்.
அடுத்தடுத்த கோடுகளில் எதிரெதிரே ஓடி
ஒன்றின் பேச்சை ஒன்று வெட்டி
வெளியே போக வேண்டியது
உள்ளேயே சூடாகித் தீர்ந்துபோகிறது.

இடத்தைக் குறைத்தால்
அலைவரிசையின் அகலத்தை அடகு கேட்கிறது இயற்பியல்.
அகலம் வேண்டுமா, திறனைக் கழற்றி வை.
பினாங்கு ஸ்ட்ரீட் வட்டிக்கடையில்கூட
ஒரு மாதம் தவணை கிடைத்திருக்கும்.

சோதனை அறையில் ஒரு பிளாஸ்டிக் தலை.
சர்க்கரை, உப்பு, தண்ணீர் கரைத்து ஊற்றி
மூளை என்று சொல்லி வைத்திருக்கிறோம்.
ஷாருல் அதற்கு டத்தோ என்று பெயர் வைத்தான்.
எவ்வளவு சொன்னாலும் தலையாட்டாது.
டத்தோவின் காதில் என் கருவி
எல்லாப் பரீட்சையிலும் தேறியது.
மனிதர்களின் காதில்
ஒன்பது பேரில் ஏழு பேரிடம் தோற்றது.

பத்தாவது ஆள்
மூன்றாம் லைன் மரகதவல்லி அக்கா.
வெள்ளிக்கிழமை, அரை நாள் லீவு,
சாயங்காலம் புக்கிட் மெர்தாஜாமில் கல்யாண வரவேற்பு.
பட்டுச் சேலையை பாவாடையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு
நீலக் கூம்புகள் முளைத்த அறைக்குள் வந்து
"பசியாறிட்டியா" என்று கேட்டார்.
அந்தச் சுவர்கள் அவர் குரலைக்கூடத்
திருப்பித் தரவில்லை.

மைனஸ் எண்பத்தொன்பது காட்ட வேண்டிய இடத்தில்
மைனஸ் எண்பத்திரண்டு.

மறுபடி அளந்தேன்.
கேபிளை மாற்றினேன்.
ஷாருலை வெளியே அனுப்பிவிட்டு அளந்தேன்.
எண்பத்திரண்டு.

பிறகுதான் பார்த்தேன்:
தோட்டிலிருந்து கிளம்பி, காதின் பின்னால் ஏறி,
கொண்டைக்குள் போய் மறையும்
மெல்லிய தங்கச் சங்கிலி.
"அக்கா, அந்த மாட்டலைக் கொஞ்சம் கழற்றுங்க."
எண்பத்தொன்பது.
"போடுங்க."
எண்பத்திரண்டு.
"என்னம்மா, உன் மெஷினுக்கு நகை ஆசையா?
சின்ன மாமியார் போட்டது. ஒன்றரைப் பவுன்.
கண்ணு வைக்காதே."

கம்பி எதுவும் சேரவில்லை.
ஒன்றை ஒன்று தொடவும் இல்லை.
என் செம்பு உள்ளே விழுங்கிய முனகலை
பக்கத்தில் தொங்கியவள்
கேட்டு, வாங்கி,
தன் முழு நீளத்துக்கும் உரக்கச் சொல்லியிருக்கிறாள்.
பதினொரு வாரம் நான் வரைந்தது
ஒரு தட்டான் மேசைக்குப் பக்கத்தில் நிற்கவில்லை.

அறிக்கையில் என்ன எழுதுவது?
சோதனை நிலை: அணிகலன், இருபத்திரண்டு காரட்.
மேலாளர் ஓய் நிஜமாகவே கேட்டார்,
பெட்டிக்குள் ஒரு சங்கிலி வைத்துக் கொடுத்தால் என்ன?
கிழவர்கள் போடுவார்களா என்று கேட்டாள் சூ யென்.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
தலைக்கு மேலே ஏதோ ஒரு விமானம்
பாயான் லெப்பாஸை உரசிக்கொண்டு இறங்கியது.

எல்லோரும் போன பிறகு
அக்காவின் மாட்டலை அளந்த நூலை எடுத்து
அந்த நீளத்துக்குச் செம்பு நாடா வெட்டி
மூடியின் முதுகு வளைவில், உட்புறமாக,
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன்.

டத்தோவின் காதில் மாட்டினேன்.
எண்பத்து மூன்று.

மூடிதான்
ஒரு முடியளவு மூட மறுக்கிறது.