மூன்றாவது தக்காளித் தண்ணீர்

சூளகிரி தாண்டி, ஓசூர் போகும் சாலையில்
பெயர்ப்பலகை இல்லாமல் இருக்கிறது அந்தக் கடை.
பலகை இல்லாததற்கும் சேர்த்துத்தான் விலை
என்றாள் கூட வேலை பார்க்கும் பெனசீர்.
பதினான்கே நாற்காலி.
பதினோரு நாள் முன்னால் பணம் கட்டிப் பிடித்தேன்.
கடையின் பெயர் உமி.

"உமியா?" என்றார் அப்பா.
அரிசியை யாருக்குக் கொடுத்தார்கள் என்று
கேட்டிருப்பார்; அம்மா தொடையைத் தட்டினாள்.

முப்பத்தோரு வருடம் நடத்துனர்.
தருமபுரி – ஓசூர், பாலக்கோடு ராயக்கோட்டை வழி.
சாப்பாடு என்பது அவருக்குப் பன்னிரண்டு நிமிடம்,
ஓட்டுநர் கை கழுவி எழும்வரை.
பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில்
முதுகுக்குப் பின்னால் எவராவது நின்றுகொண்டு
இவர் மோர் குடிக்கும் வேகத்தை அளப்பார்.
இங்கே முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர்.
பூசாத சுவர். வேண்டுமென்றே பூசாதது.
இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

முதலில் களி வந்தது.
எலுமிச்சை அளவில் ஒன்று, கருங்கல் மேல்.
"இதுலேர்ந்து தப்பிக்கத்தானே
கவர்மென்ட் வேலைக்காரனைக் கட்டினேன்" என்றாள் அம்மா.
அவள் கேட்டது கோபி மஞ்சூரியன்.
இல்லை என்று சொன்ன பையனுக்கு
அவளைவிட வருத்தம்.

பிறகு அது.
குட்டிக் கண்ணாடிக் குவளையில், நிறமே இல்லாமல்.
பையன் கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னான்:
"ராயக்கோட்டைத் தக்காளி.
துணியில கட்டி ராத்திரி பூரா தொங்கவிட்டு
தானா சொட்டினது. பிழியல."
மூன்று பேருக்கு மூன்று.
அப்பா ஒரே மடக்கு.
"தக்காளி எங்க?"
"இதுதான் சார் தக்காளி."

அந்த வாரம் ராயக்கோட்டை மண்டியில்
பெட்டி எழுபத்தைந்து.
வண்டி வாடகை கட்டுபடியாகாமல்
சாலையோரம் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.
தினமும் அதன்மேல் ஏறித்தான் போனது அவர் பஸ்.
மெனு அட்டையை எட்டப் பிடித்து
முந்நூற்று இருபதை இரண்டு முறை வாசித்தார்.
"நாலு பெட்டி. மிச்சம் இருவது."
எனக்குக் கேட்கத்தான் சொன்னார்.

நான் பேசவில்லை.
எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.
வாரம் ஆறு நாள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு
யாரோ ஒருவரின் கிரெடிட் கார்டு கோபத்தைக் கேட்கிறேன்,
கேன்டீனில் நின்றபடியே தின்கிறேன்,
இரண்டு மணி நேரம் யாரும் எழுப்பாத நாற்காலி
இந்தத் தண்ணீருக்குள் இருக்கிறது,
அதற்குத்தான் மூன்று டிக்கெட் எடுத்தேன்
என்று.

பில் வந்தது. நான் தொடும் முன் அவர் எடுத்தார்.
சட்டைப் பையிலிருந்து பேனா.
டிரிப் ஷீட் பார்ப்பதுபோல்
விரல் வரிவரியாக இறங்கியது, நின்றது,
மேலே போனது, மறுபடி இறங்கியது.
என் காது சூடானது. சண்டை வரப்போகிறது.

"தம்பி."
பையன் ஓடி வந்தான்.
"தண்ணி மூணு குடிச்சோம். ரெண்டுதான் போட்டிருக்கீங்க."

"அப்பா..."
"இரும்மா."
"பரவால்ல சார், விடுங்க."
"இன்னா பரவால்ல?
நடுவழியில செக்கர் ஏறினா
பதில் சொல்றது நீயா நானா?"

முந்நூற்று இருபது. என் பணம்.
மேலே வரி.

இருட்டில் அவர் கை நீட்டினால்
எந்த வண்டியும் நிற்கும்.
கிருஷ்ணகிரிக்கு எனக்கும் அம்மாவுக்கும் டிக்கெட்,
அவருக்குப் பாஸ்.
பஸ்ஸில் உட்காரத் தெரியாதவர்;
முன்படியில் அந்த நடத்துனரோடு நின்று
தக்காளித் தண்ணீர் கதையைக் கை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.
சிரிப்பு மட்டும் பின்சீட்டுவரை வந்தது.

அம்மா கைப்பையை லேசாகத் திறந்து காட்டினாள்.
காகிதத் துண்டில் சுற்றி, ஈரம் துடைத்து,
களி உட்கார்ந்திருந்த கருங்கல்.
"நானூத்தி எம்பது ரூவா" என்று கிசுகிசுத்தாள்,
"கல்லுக்கு இல்லாம வேற எதுக்குடி?"

நல்லவேளை, அப்பா திரும்பவில்லை.
திரும்பியிருந்தால்
சூளகிரியிலேயே விசில் ஊதி
இறக்கிவிட்டிருப்பார், எங்கள் இரண்டு பேரையும்.