ஏழாம் பிரிவு

யாப்பு என்றால் இரண்டு.
ஒன்று வெண்பாவுக்கு, அதைப் பத்தாம் வகுப்போடு விட்டேன்.
மற்றது சங்கத்துக்கு.
கடையில் போட்டோகொப்பி மெசின் இருக்கிறதென்று
என்னைச் செயலாளராக்கினார்கள்.

கல்வி அலுவலகம் தந்த மாதிரியில்
வேறேதோ பள்ளிக்கூடத்தின் பெயர் ஐந்து இடத்தில்.
நான்கை வெட்டினேன். ஐந்தாவது
நிதிப் பிரிவுக்குள் ஒளிந்திருந்து
வாசிக்கும்போது எழுந்து நின்றது.
எல்லாரும் சிரிக்க, பொருளாளர் செபமாலை மட்டும் கேட்டார்:
"அப்ப காசு அவைக்கோ?"

பெயரில் தகராறில்லை.
நோக்கத்தில், 'சர்வதோமுக வளர்ச்சி' எழுதிவிட்டு
எழுத்துச் சரியோ என்று ரெஜினோல்டா ரீச்சரைப் பார்த்தோம்.
அவ கணக்கு ரீச்சர்.
"எல்லாப் பக்கமும் எண்டு போடுங்கோவன்."
போட்டோம்.

மூன்றில் தளை தட்டியது.
பெற்றார் எனப்படுவோர் யாவர்?
தாய் அல்லது தந்தை அல்லது சட்டபூர்வ பாதுகாவலர்.
திலோஜனின் சித்தி கையை உயர்த்தினாள்.
அக்கா குவைத்தில். அத்தான் வாழைச்சேனையில், வேறு வீட்டில்.
"சட்டம் எனக்கொரு கடிதமும் தரேல்ல.
சோத்துப்பெட்டி மட்டும் நான்தான் கட்டுறன்."
அதிபர் குலவீரசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்து முடிய நேரமெடுத்தது.
'பிள்ளையைக் காலையில் எழுப்புகிறவர்'
என்று பின்வாங்கிலிருந்து யாரோ.
சட்டத்தில் அப்படி வராதாம். அழித்தேன்.
பென்சில் என்பதால் இன்னும் தெரிகிறது.

கோரம் மூன்றிலொன்று.
கச்சான் காலத்தில் தகப்பன்மார் கடலில்,
வாடையில் எல்லாரும் கரையில், ஆனால்
பள்ளிக்கூடக் கூரை ஒழுகும்.
கூரை ஒழுகுவதைப் பேசத்தானே சங்கம் என்றார் ஒருவர்.
அதை எந்தப் பிரிவில் போடுவதென்று தெரியவில்லை.

ஏழு:
தொடர்ந்து மூன்று கூட்டத்துக்குச் சமூகமளிக்காதவர்
உறுப்புரிமை இழப்பார்.

வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன்.
இராசமலர் எழும்பவில்லை, இருந்தபடியே கேட்டாள்:
"அவருக்கு இப்ப எத்தினை கூட்டம்?"

மகனைச் சேர்த்த நாளில் எழுதிய பெயர்
பதிவேட்டில் அப்படியே இருக்கிறது.
கடலோ றோட்டோ என்று எழுத அதில் கட்டமில்லை.
ஒவ்வொரு தவணையும் அவள்
அவர் பெயருக்கு நேரே, அவருக்காக, ஒப்பமிடுகிறாள்.

பிளேன்ரீ வந்தது. நல்ல வேளைக்கு வந்தது.

விறாந்தை மேசையில் தாள்கள், மேலே ஒரு கல்.
கோட்டைப் பக்கத்து மான்களுக்குத் திருக்கடலூர் புதிதில்லை,
வாழைப்பழத் தோலுக்கு வரும், பால்மாப் பெட்டிக்கு வரும்.
கல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூன்றாம் பக்கத்தை
மெல்ல இழுத்தது ஒன்று.
நாங்கள் பதினெட்டுப் பேர். கையில் கோப்பை.
'சூ' என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.
அது அவசரப்படவுமில்லை.
'இழப்பார்' கடைசியாகப் போனது.

கூட்டக் குறிப்பில் எழுதியிருக்கிறேன்:
ஏழாம் பிரிவு மானால் உண்ணப்பட்டது.
முன்மொழிந்தவர் செபமாலை,
வழிமொழிந்தவர் ரெஜினோல்டா.
ஆறுக்குப் பிறகு எட்டு.
அலுவலகத்தில் கேட்டார்கள், ஏழு எங்கே என்று.
எங்களூரில் அப்படித்தான் எண்ணுவோம் என்றேன்.
முத்திரை குத்தித் தந்துவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் கூட்டத்தில் சொல்லவில்லை.
மூலத்தாள் என் மெசின் கண்ணாடிமேல் கிடந்தது,
மூடியைத் திறந்தபோது கவிழ்ந்து படுத்திருந்தது,
மூன்றாம் பக்கம், ஒரு எழுத்தும் குறையாமல்.
அதன் வெறும் பக்கத்தில் இப்போது
கடைக்கடன் எழுதுகிறேன்.
முதல் வரி:
பெற்றார் ஆசிரியர் சங்கம், நாற்பது பிரதி,
இன்னும் தரவில்லை.